நெல்லறைக்கு ஒரு ஜன்னல்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படங்களை எல்லாம் பார்த்தேன். சுவிஸில் மாட்டுக்கொட்டிலைக் கூட எவ்வளவு அழகான விடுதி அறையாக மாற்றி வைத்திருக்கிறார்கள்! எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னலை, விடுதி அறையாக மாற்றுகிற நம் நெல்லறையின் மேற்குச் சுவரில் வைக்கச் சொல்கிறாயே, அதற்குத்தான் மனம் ஒப்பவில்லை. வயலுக்குள் சூரியன் விழுவதைப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்றும் அந்த வழியால்தான் வரும் மகள். மத்தியானத்தில் வெளியே காயப்போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுத்துப் போகும் காற்று அது. வருகிறவர்கள் அந்த அனலில் எப்படிப் படுப்பார்கள்? ஜன்னலைத் தெற்குப் பக்கம் வெட்டச் சொல்லிவிட்டேன். மேற்கில் தாழ்வாரத்தை இறக்கி ஒரு திண்ணை கட்டுகிறோம். பின்னேரம் காற்று அடங்கின பிறகு அதில் இருந்து ஆறுதலாகப் பார்க்கட்டும்.

ஏசியும் வேண்டாம். ஒன்றரை அடிச் சுவர். உள்ளே போனால் உடம்பு தானாகக் குளிரும். நெல் கெடாமல் இருக்கக் கட்டின அறை மனிதருக்கும் நல்லதுதான்.

சுவர்க் கதையைச் சொல்ல வேண்டும். நீ சொன்னபடி ஒரு மூலையில் மட்டும் சீமெந்து பூசிப் பார்த்தோம். ஐப்பசியில் பூசினது, மார்கழியில் அப்பளம் போல எழும்பி நின்றது. விரலால் தட்டினேன், தகடாகக் கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே செங்கல் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அது உர மூட்டை அடுக்குகிற மூலை. 2021இல் உரம் வராமல் நின்றதே, அந்தப் போகத்தில்தான் அந்த மூலை வெறுமையாகக் கிடந்ததை முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்து உர உப்பும் கல்லுக்குள் ஊறியிருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், சீமெந்து அந்த ஈரத்தை வெளியே விடாது. பிறகு ஒரு வயதான மேசன் வந்து, களிமண்ணைக் குழைத்துச் சுவரில் அப்பச் சொன்னார். அது காய்ந்ததும் உரித்து எடுத்தோம். மண்ணோடு சேர்ந்து உப்பும் வந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தோம். மூன்றாவது தடவை உரித்த மண்ணில் வெள்ளை குறைந்திருந்ததைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! இப்போது அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். கட்டினதும் அதாலேதான்.

நெல் ஒரு மணி கூட உள்ளே இருக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. படுவான்கரையில் யானையின் நிலைமை உனக்குத் தெரியும். நெல் மணத்துக்குச் சுவரையே இடிக்கும். ஆள் படுக்கிற இடத்தில் அந்த மணம் இருக்கலாமா? பலகை இடுக்கில் கிடந்த பதரைக் கூட கம்பியால் குத்தி எடுத்தோம். வீட்டுச் செலவுக்கு வைத்த நெல் மட்டக்களப்பு டவுனில் மாமா வீட்டில் இருக்கிறது.

அயலில் ஒரு ஆச்சி வந்து கேட்டா, "என்னகா, நெல்லு வைச்ச இடத்தில ஊரறியாத ஆக்களைப் படுக்க விடுறதா?" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. அவவும் அதற்குள் படுத்தவதான். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு, எனக்குப் பத்து வயது. சுற்றியிருந்த ஓலை வீடெல்லாம் போய், அயல் சனம் முழுக்க நெல்லறைக்குள்தான் ஓடி வந்தது. பாதி ஓடு பறந்துவிட்டது, சுவர் அசையவில்லை. விடியும்வரை மூட்டைகளுக்கு நடுவில் நனைந்தபடி இருந்தோம். அதை நினைவுபடுத்தினேன். "ஓம் புள்ள" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கதவடியில் இருந்துவிட்டுப் போனா.

இதையெல்லாம் ஏன் செய்கிறாய் அம்மா என்று தம்பி கேட்கிறான். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் வெட்டும் சூடடிப்பும் ஒரே நாளில் முடிகிறது. ஈர நெல்லை வரம்படியிலேயே வியாபாரி ஏற்றிக்கொண்டு போகிறார். அவண அவணமாக நெல் கிடந்த அறையில் இப்போது வௌவால்தான் இருக்கிறது. ஆள் புழங்காத கட்டடத்தைக் கறையான் விடாது. 2014இல் வாவிக்கு மேல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு டவுனிலிருந்து வருவதும் லேசு. துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலமா இது? கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வருகிறவர்கள், வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள், வயலையும் குளத்தையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், யாராவது வருவார்கள். பிரதேச சபைக்கும் சுற்றுலா அதிகாரசபைக்கும் போகிற வேலையைத் தம்பி பார்க்கிறான்.

கதவு, நிலை எல்லாம் முதிரை, நன்றாக இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து வந்த தச்சு ஓடாவியார் தடவிப் பார்த்துவிட்டு, இதை மாற்றினால் பாவம் என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.

சரி, இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கிட்டவான இடம் நீ பெரிய பிள்ளையானபோது நட்ட மாமரத்தடிதான். அங்கே வெட்டினால் மரம் போகும். சூடடித்த களவெட்டிப் பக்கம் கொண்டு போனால் குழாயின் நீளமும் செலவும் கூடும், ஆனால் மரம் நிற்கும். அம்மாவுக்கு மரத்தை வெட்ட விருப்பமில்லை. இந்த வருஷம் அது நன்றாகப் பூத்தும் இருக்கிறது. ஆனாலும் என் அம்மா எனக்குத் தந்து, நான் உனக்குச் சீதனமாக எழுதின வளவு இது. உன் வாயால் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன். குழி வெட்ட ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். அதற்கு முதல் ஒரு ஃபோன் கோல் எடு.

அன்புடன்,
அம்மா