அகதேஸ் கோபுரத்தின் மரக்கட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலைவன நகரங்களின் உயர்ந்த கட்டடங்களைப் பற்றி எழுதும்போது அழகை மட்டுமே சொல்லிவிடுகிறார்கள். நைஜர் நாட்டின் அகதேஸ் மசூதிக் கோபுரம் சுடாத மண்கல்லால் எழுந்தது. உயரம் 27 மீட்டர். ஒட்டகங்களோடு தொலைவில் வரும் வணிகருக்கு அது தொழுகையிடம் மட்டுமல்ல. தண்ணீர், சந்தை, சுல்தானின் காவல் மூன்றும் இங்கே உண்டு என்னும் அறிவிப்பும் அதுவே.

சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளை அலங்காரம் என்பது தவறு. அவை நிரந்தரச் சாரம். மழையில் கரைந்த மண்பூச்சைப் புதுப்பிக்க அவற்றில் கால்வைத்துத்தான் ஏறுகிறார்கள். இத்தகைய பூச்சுக்குக் களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் குழைத்துச் சில நாள் புளிக்கவிட வேண்டும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசினால் கெட்டது. வெயிலில் அது வெடிக்கும். விரிசலில் இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் உள்மண்ணைக் கரைக்கும். கடைசியில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

பழைய நகரின் 11 பேட்டைகளில் தெருக்கள் நேராக ஓடுவதில்லை. சகாரா பாலைவனத்தின் நாடோடிகளான துவாரெக் மக்களின் பழைய கூடார முகாம்களின் தடம் அது. 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது கோபுரம் மட்டுமல்ல, இந்தத் தெருக்களும்தான். அகதேஸின் படங்களை வெளியிடும்போது படக்குறிப்புகளில் இவற்றையும் சேருங்கள்.

இப்படிக்கு,
மண்கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்