1900 என்ற அந்தக் கெடுவை எடுத்துவிடுங்கள்: கொலராடோ சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொலராடோ மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் தலைநகர் டென்வருக்குப் பக்கத்தில் 12 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்த மடலைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் பெயர்ப்பைத் தனியாக உங்களுக்கு அனுப்புகிறேன். இங்கே கடையிலும் வேலையிலும் ஆங்கிலத்திலேயே நாள் ஓடிவிடுகிறது. ஆனாலும் மனம் கொதிக்கும்போது சொல் தேடாமல் பேச எனக்குத் தமிழ்தான் வருகிறது. நான் கேட்கப்போவதும் அதைப் பற்றித்தான்.

உங்கள் செனட்டில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இருந்த கசிமிரோ பரேலா யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கூடும் கட்டடத்தின் குவிமாடத்தில், வண்ணக் கண்ணாடியில் தீட்டிய 16 முகங்களில் அவருடையதும் ஒன்று. சட்டங்களை ஸ்பானிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று அவர் எழுத வைத்த ஒரு விதி உங்கள் அரசியல் சட்டத்தில் 1900ஆம் ஆண்டு வரைதான் உயிரோடு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போன மாதம் நடந்தது இது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை அபுவேலா, அதாவது பாட்டி, என்றே கூப்பிடுவேன். ஸ்பானிய மொழியில் நன்றாகப் படிப்பார், எழுதுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். கையில் ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். மூன்று பக்கம், முழுக்க ஆங்கிலம். வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. விளம்பரத் தாள்களோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

பேத்திக்கு 9 வயது. நாலாம் வகுப்பு. அவளைத்தான் படிக்கச் சொல்லியிருக்கிறார் பாட்டி. இரண்டாவது பக்கத்தில் 'டெர்மினேட்டட்' என்ற சொல் வரை படித்துவிட்டு, அதற்கு ஸ்பானிய மொழியில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். அதைக் கேட்கத்தான் என்னிடம் வந்தார்கள். நான் வாங்கிப் படித்தேன். குறிப்பிட்ட நாளுக்குள் படிவத்தை நிரப்பி அனுப்பாவிட்டால் அவருடைய மருத்துவ உதவி நிறுத்தப்படும் என்று இருந்தது. அந்த நாள் போய் ஆறு நாள் ஆகிவிட்டது.

அபுவேலாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி சந்தைக்குத்தான் போதும். அதனால் நான் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, அந்தக் குழந்தைதான் பாட்டியிடம் சொன்னாள். உன் மருந்துக்கு இனிமேல் பணம் வராது என்ற செய்தியைச் சொந்தப் பாட்டியிடம் சொல்லும் வேலை ஒரு 9 வயதுப் பிள்ளைக்கு வந்தது. பாதியில் அவளுக்குக் குரல் தழுதழுத்தது. பாட்டி அவள் தலையைத் தடவி, பரவாயில்லை, மேலே சொல் என்றார். அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

அந்த அலுவலகத்தின் மேல் புகார் எழுத இந்த மடலை எடுக்கவில்லை. அதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம். நான் கேட்பது அதைவிட மூத்த கேள்வி. இந்த மாநிலம் பிறந்த நாளிலேயே அதற்கு ஒரு பதில் எழுதிவைக்கப்பட்டிருந்தது.

என்னைப் போன்ற தமிழ் வாசகர்களுக்காக அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பரேலா 1847இல் எம்புடோ என்ற ஊரில் பிறந்தார். இன்றைய நியூ மெக்சிகோவில் இருக்கிறது அது. அப்போது மெக்சிகோவோடு அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே குவாதலூப் இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, மெக்சிகோவிடம் இருந்த அந்த நிலமெல்லாம் அமெரிக்காவுக்குப் போனது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய நாடு மாறிவிட்டது. 1861இல் கொலராடோ பிரதேசத்தை உருவாக்கியபோது, வாஷிங்டனில் இருந்தவர்கள் 37ஆம் அட்சக்கோட்டில் நேராக ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு வடக்கே அகப்பட்ட நியூ மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர், வீட்டை விட்டு ஓரடி நகராமலே கொலராடோக்காரர்கள் ஆனார்கள். 1851இல் உருவான சான் லூயிஸ் ஊர் அப்படித்தான் உங்கள் மாநிலத்தின் மிகப் பழைய ஊராயிற்று. யாரும் குடியேறி வரவில்லை. எல்லைதான் அவர்கள் மேல் ஏறிப் போனது. 'இங்கே வந்தால் ஆங்கிலம் கற்றுக்கொள்' என்று இன்று சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும்.

1867இல், 20 வயதில், பரேலா கொலராடோவின் தெற்கே உள்ள ட்ரினிடாட் ஊர்ப் பக்கம் வந்து ஆடும் மாடும் வளர்த்தார். அப்புறம் அமைதி நீதிபதி, வரி மதிப்பீட்டாளர், லாஸ் அனிமாஸ் கவுண்டியின் ஷெரிப் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். 1871இல் பிரதேசச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1875 டிசம்பரில் டென்வரில் அரசியல் சட்ட மாநாடு கூடியது. 39 பிரதிநிதிகளில் ஸ்பானிய மொழிக்காரர்கள் மூன்றே பேர்: பரேலா, அகபிட்டோ விஹில், ஹெசூஸ் மரியா கார்சியா.

அந்த மூன்று பேரை வைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார். படிக்க முடியாத சட்டத்துக்கு மக்கள் எப்படிக் கட்டுப்படுவார்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். விதி நிறைவேறியது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இயற்றும் சட்டங்களை, ஆங்கிலம் படிக்கத் தெரியாத மக்களுக்குப் போதுமான அளவு ஸ்பானிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அந்த அரசியல் சட்டமும் வாக்கெடுப்புக்கு முன் மூன்று மொழிகளில் அச்சாகி மக்கள் கைக்குப் போனது. 1876 ஆகஸ்ட் 1 அன்று கொலராடோ மாநிலமானது. ரயில் இன்னும் ட்ரினிடாடுக்கு எட்டாத காலம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து அச்சடித்த காலம். அன்றைக்கு முடிந்தது.

ஆனால் அந்த விதிக்குள் ஒரு கெடுவும் வைத்தார்கள்: 1900 வரைக்கும். கால் நூற்றாண்டுக்குள் எல்லோரும் ஆங்கிலம் படித்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். பரேலாவுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்டு வாங்கும் பலம் அன்று இருந்திருக்காது. 39 பேரில் மூன்று பேர் வேறென்ன செய்வார்கள்? கெடு முடிந்தது, விதியும் போயிற்று. அவர் மட்டும் செனட்டில் இருந்தார். 1876இல் தொடங்கி 1916 வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள். இரண்டு முறை செனட்டின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். 1900க்குப் பிறகு அந்த மன்றத்தில் உட்கார்ந்து, தன் மக்களால் படிக்க முடியாத சட்டங்களுக்கு அவர் எத்தனை ஆண்டு வாக்களித்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அவரைக் குறையே இல்லாத மனிதர் என்று சொல்லவரவில்லை. பணமும் செல்வாக்கும் சேர்த்தார். பின்னாளில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். அவர் பாடுபட்ட விதியிலும் யூட் மக்களின் மொழிக்கு இடமில்லை. அவர்கள் இந்த மலைகளில் எல்லோருக்கும் முன்பிருந்தே வாழ்கிறவர்கள். கொலம்பஸ் நாளை மாநில விடுமுறையாக்கிய 1907ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொண்டுவந்ததுதான். அதை 2020இல் நீங்களே மாற்றி, கத்தோலிக்கத் துறவி கப்ரினி அன்னையின் பெயரில் ஒரு நாளை வைத்தீர்கள். நல்ல வேலை செய்தீர்கள். காலத்துக்குப் பொருந்தாததை எடுக்க உங்களுக்குத் தெரியும். எடுத்திருக்கக் கூடாததைத் திருப்பி வைக்கவும் உங்களால் முடியும் என்று அதனால்தான் நம்புகிறேன்.

குவிமாடத்தின் முகங்களை ஒருமுறை நின்று பாருங்கள். பரேலாவோடு அங்கே யூட் தலைவர் ஊரே இருக்கிறார், எல்லைப்புற வழிகாட்டி கிட் கார்சன் இருக்கிறார். ஊரேக்கு ஸ்பானிய மொழி நன்றாகத் தெரியும். கார்சன் நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் ஹோசபா ஹராமியோவை மணந்து ஸ்பானிய மொழியில் குடும்பம் நடத்தியவர். நவஹோ பழங்குடி மக்களுக்கு அவர் செய்த கொடுமையை மறக்க முடியாது, அது வேறு கதை. இந்த மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஸ்பானிய மொழியில்தான் பேசியிருப்பார்கள். இன்னொன்று, கார்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் குவிமாடத்தில் இடம் உண்டு. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்து, பைபிளை முழுக்கப் படித்த எங்கள் அபுவேலாவுக்குப் புரியும் மொழியில் ஒரு கடிதம் இல்லை.

1988இல் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று உங்கள் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். 2025 மார்ச் 1 அன்று அதிபர் நாடு முழுமைக்கும் அதையே ஆணையாக்கி, அரசு உதவி பெறும் அமைப்புகள் பிறமொழிக்காரர்களுக்கு உதவ வேண்டும் என்ற 2000ஆம் ஆண்டு ஆணையை ரத்து செய்தார். பரேலாவின் ட்ரினிடாடுக்குச் சற்று வடக்கே லட்லோ இருக்கிறது. 1914 ஏப்ரல் 20 அன்று அங்கே நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தக்காரர்களின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அந்தச் சுரங்கங்களில் 20க்கும் மேற்பட்ட மொழிகள் பேசினார்கள். இந்த மாநிலத்தின் நிலக்கரி ஒரே மொழியில் வெட்டப்படவில்லை. தண்டவாளமும் சர்க்கரை பீட்ரூட் வயலும் இறைச்சிக்கூடமும் அப்படித்தான். உழைப்பை எந்த மொழியில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம், வரியை எந்த மொழிக்காரர் கட்டினாலும் வாங்கிக்கொள்கிறோம். கடிதம் அனுப்பும் நேரத்தில் மட்டும் ஒரே மொழி போதும் என்கிறோம். இது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். 2021இல் பன்மொழி வாக்குச்சீட்டுக்கு நீங்கள் சட்டம் செய்தீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. அந்தச் சட்டத்தைச் செய்தவர்களிடம்தான் கேட்கிறேன். வாக்குப் போடும் ஒரு நாள் புரிந்தால் போதாது. மற்ற நாள்களில் வீட்டுக்கு வரும் தாளும் புரிய வேண்டும்.

செலவாகும் என்பீர்கள். ஆகும்தான். ஆனால் ஐந்து வாரம் இழுப்பறையில் கிடந்த அந்த ஒரு கடிதத்துக்கு இப்போது மேல்முறையீடு, விசாரணை நாள், இரண்டு தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்கள், மருந்துக்கு அலைந்த அலைச்சல் என்று ஆகியிருக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவில் அந்தக் கடிதத்தை எத்தனை மொழியில் அச்சிட்டிருக்கலாம்!

அதனால் திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். பரேலாவின் விதியைக் கெடு இல்லாமல் மீண்டும் கொண்டுவாருங்கள். ஒருவருடைய வீட்டையோ மருந்தையோ உதவித்தொகையையோ பறிக்கக்கூடிய எந்த அறிவிப்பும் அவர் படிக்கும் மொழியில் போகட்டும். ஸ்பானிய மொழியில் தொடங்குங்கள். அந்த மொழிக்கு இந்த மண்ணில் உங்கள் மாநிலத்தைவிட வயது அதிகம். அப்புறம் மற்ற மொழிகளுக்கும் வாருங்கள். தமிழை நான் முதலில் கேட்கவில்லை. எங்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள். அபுவேலாவால் காத்திருக்க முடியாது.

ஜனவரியில் உங்கள் கூட்டத்தொடர் தொடங்கும்போது இதற்கு ஒரு மசோதா வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். குழு விசாரணைக்கு அழைத்தால் சாட்சி சொல்ல நான் வருகிறேன். அபுவேலாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஸ்பானிய மொழியில் பேசுவார். அன்றைக்கு மொழிபெயர்க்க ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூடம் இருக்கிறது.

மரியாதையுடன்,
டென்வர் அருகே வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்