உழவர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்றத்து உறுப்பினர்களே, வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மனு கொடுத்தது, கூட்டம் போட்டது என்று வழக்கமாக நான் வாசிக்கும் பட்டியலைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆண்டு முழுக்க இந்தக் கொட்டகையில் அதிகம் பேசியதும் அதிகம் சண்டை போட்டதும் ஒரே விஷயத்துக்காகத்தான். பருவம் மாறிப்போச்சு என்கிறோமே, அதற்கு விவசாயி தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா?

பருவம் மாறியதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததிலிருந்து நிம்மதியான போகம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. 2023 பிப்ரவரியில், மழையே எதிர்பார்க்காத நாளில், அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்தது. 2024-லோ, வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல் திறந்தார்கள். 30-ந் தேதி 120 அடி நிரம்பிவிட்டது. அப்புறம் உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள். கார்த்திகையில் பெய்த மழையில் சம்பா இளம்பயிர் மூழ்கியது, தை மழையில் கதிர் சாய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க மறுப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் வராத அந்த ஆனி மாதத்தில்தான் வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னோம். அவர் சொன்னது இது: வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் தாளையும் தழையையும் மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது பெரும்பாலும் நெல் தண்டு வழியாகவே மேலே ஏறி வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு வரை சூடேற்றக்கூடியது. உலகில் மனிதரால் வெளிவரும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நெல்வயலில் இருந்து வருகிறது. அதனால் இடையிடையே வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள் என்றார்.

அவ்வளவுதான், கொட்டகை ரெண்டுபட்டது. "மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுக்க வந்தவங்கள விரட்டுனது நாம. எண்ணெய், எரிவாயுத் திட்டத்த எதுத்து நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் போய் உக்காந்தது நாம. இப்ப மீத்தேன் விடுறதே நீதான்னு நம்மளயே கூண்டுல ஏத்துறீங்களா சார்?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். நல்ல கைத்தட்டல். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வரும்வரை போராடிய ஊர்களுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். "காருல போறவன், ஏசி போடுறவன் எல்லாம் சும்மா இருக்கான், நான் ஏன் என் வயலைக் காயப் போடணும்?" என்று இன்னொருவர்.

இதில் என் கருத்தையும் பதிவு செய்கிறேன், தலைவர் அனுமதிப்பார் என்று நம்புகிறேன். கேள்வி நியாயமானது. ஆனால் அலுவலர் சொன்னதும் பொய் இல்லை. ரெண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்துப் பார்ப்பதால்தான் வீண் சண்டை வருகிறது. யார் முதல் குற்றவாளி என்ற வழக்கு தீரும்வரை நம் வயல் காத்திருக்காது. இரவு வெப்பமும் சும்மா இல்லை. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால், மழையில்லாத போகத்தில் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாம். நஷ்டம் முதலில் வருவது நமக்குத்தான்.

சரி, வாய்ச்சண்டையை விட்டுச் செய்து பார்ப்போம் என்று போர் வைத்திருந்த சில உறுப்பினர்கள் குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டினார்கள். ஒரு சாண் அகலத்துக்குள் பிவிசி குழாய், நீளம் 30 செ.மீ. கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 செ.மீ ஆழத்துக்கு இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். நடவு நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் தருணமும் விதிவிலக்கு, அப்போது தண்ணீர் நிற்க வேண்டும். முதல் வாரம் குழாய்க்குள் நண்டு புகுந்து சேற்றைத் தள்ளி அடைத்தது. மாடு மேய்க்கும் பையன்கள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மேலே வெடிப்பு விட்ட வயலைப் பார்த்து வீட்டுப் பெண்கள் திட்டினார்கள், ஆனால் குழாய்க்குள் தண்ணீர் தெரிந்தது. மகசூல் குறையவில்லை, மோட்டார் ஓடிய நேரம் கண்கூடாகக் குறைந்தது. இம்முறையில் தண்ணீர் 30 சதவீதம் வரையும் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரையும் குறையலாம் என்பது வெளியே நடந்த ஆய்வுகளின் கணக்கு. வாயுவை அளக்க நம்மிடம் கருவி கிடையாது, அதனால் நம் வயலில் எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை.

இதையே சம்பாவுக்கு நீட்டிக்கலாம் என்றதும்தான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. ஆற்றுப் பாசனத்தில் நம் வயலுக்குத் தனி வாய்க்கால் எங்கே இருக்கிறது? மேட்டு வயலில் பாய்ந்து, வரப்பை வெட்டி, அடுத்தவர் வயல் வழியாகத்தான் பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் போகிறது. நடுவில் இருப்பவர் நான் காயப் போடுகிறேன் என்றால் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் இல்லை. கீழே இருப்பவர் வடிக்க நினைத்தால் வடிகாலில் வெங்காயத்தாமரை. ஐப்பசி, கார்த்திகையில் வானம்தான் தண்ணீர் கட்டுகிறது. ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் முறை வைத்துத் திறக்கும்போது, அடுத்த முறை வருமோ வராதோ என்ற பயத்தில் எல்லோரும் வயலை ரொப்பி வைக்கிறோம். தனி மனிதர் மனசு வைத்தால் போதும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை நம் மடையில் வந்து நின்று பார்க்கலாம். இது ஒரு மடைக்குக் கீழ் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. தலைப்பில் முறை இன்ன நாளில் கட்டாயம் வரும் என்று நீர்வளத் துறையும் உறுதி சொல்ல வேண்டும்.

நேரடி விதைப்பு கதை வேறு. காலநிலை என்று ஒரு வார்த்தை பேசாமலே அதற்கு ஆள் சேர்ந்துவிட்டது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் வங்காளத்துப் பையன்களை எதிர்பார்க்கும் நிலையில், புழுதியில் விதைத்துவிட்டால் நாற்றங்கால் செலவு இல்லை, சேறடிக்கவும் தண்ணீர் வேண்டாம். களைதான் தலைவலி. யூரியா விஷயத்தில் நேர் எதிர். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி உரமோ 50 கிலோ 1,350 ரூபாய். யூரியா இவ்வளவு மலிவாக இருக்கும்போது, இலையின் பச்சையை வைத்து உரத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பயிரின் மேல் வைத்துப் பார்த்து யூரியாவைக் குறைப்பவர் யார்? கூடுதலாகப் போடும் யூரியா நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும், அது மீத்தேனைவிடக் கொடியது என்றாலும் கேட்பார் இல்லை. கூடுதல் யூரியாவால் புகையான் பூச்சி வந்து பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்தவர்கள் மட்டும் கேட்டார்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு போட்டவர்கள் ஒரு மூட்டை யூரியா குறைத்திருக்கிறார்கள். அதை மடக்கி உழுததும் நெடுநாள் தண்ணீர் கட்டி வைத்தால் மீத்தேன் கூடும் என்று அலுவலர் சொன்னபோது, "எதச் செஞ்சாலும் குத்தமா?" என்று சிரிப்பு எழுந்தது.

வரப்பில் மரம் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் உறுப்பினர்களில் பலர் கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகைக்குச் செய்கிறவர்கள். "நாளைக்கு யாரு கையில இருக்குமோ" என்கிறவரிடம் மரக்கன்றைக் கொடுத்துவிட்டு, ஆர்வம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவது சரியில்லை.

மீத்தேனைக் குறைத்ததற்கு விற்கக்கூடிய சான்று, அதாவது கார்பன் கிரெடிட், வாங்கித் தருகிறோம், ஏக்கருக்குப் பணம் வரும் என்று ஒரு நிறுவனத்தார் வந்து ஆதார், சிட்டா நகல் கேட்டார்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கேட்டோம், அதற்குப் பிறகு ஆளைக் காணோம். சீனாவில் 37 நெல் திட்டங்களை, கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024-ல் நிராகரித்ததைப் படித்த பிறகு, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதது நல்லது என்றே நினைக்கிறேன். மன்றத்தில் காட்டாமல் யாரும் நகல் கொடுக்க வேண்டாம்.

மற்றவை: வடிகால் தூர்வாரவும், கொள்முதல் நிலையத்துக்குக் கூடுதல் தார்ப்பாய் கேட்டும் மனு கொடுத்தோம். தார்ப்பாய் வந்தது, தூர்வாரல் பாதியில் நிற்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கான உதவி மேசை வழக்கம்போல் நடந்தது.

இந்த ஆண்டு, 2025-ல், ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்துவிட்டதால், வடக்கு மடை ஒன்றை மட்டும் எடுத்து, அதன் கீழ் உள்ள அத்தனை வயலிலும் குறுவைக்குக் குழாய் இறக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்த மடைக்காரர்கள் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள். குழாய் வாங்க மன்ற நிதியில் இருந்து எடுக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்