குறைந்த சிப்போடு உட்கார்ந்தவனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இந்தக் கோடையில் லாஸ் வேகாஸில் ஒரு சின்ன போக்கர் டோர்னமென்ட் ஆடப் போனேன். பரிசுப் பணம் கிடைக்கும் இடம்வரை வந்துவிட்டேன். பெரிய தொகை இல்லை. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான நேரம் என்னிடம் இருந்தது பத்து பிக் பிளைண்டுக்கும் குறைவான சிப்தான். (சிப் என்பது பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை, அதில் பெரியது பிக் பிளைண்ட்.) அந்த நிலையில் எப்படி ஆடுவது என்று சொல்லிக்கொடுத்தவர்களிடம் நேரில் நன்றி சொன்னால், "அட, இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, எடிசனில் சனிக்கிழமை இரவு எங்கள் சீட்டுக் கூட்டத்துக்கு வரும் கணக்கு அண்ணாவுக்கு. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். குறைந்த சிப்போடு நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பதுதான் பொறுமை என்று நான் சொல்லப்போக, அவர் ஒரு தாளை இழுத்துப்போட்டு எழுத ஆரம்பித்தார். சின்ன பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1000. ஆன்டே, அதாவது பிக் பிளைண்டில் இருப்பவர் அதற்கு மேல் கூடுதலாகப் போடுவது, 1000. ஆக, யாரும் ஆட ஆரம்பிக்கும் முன்பே நடுவில் 2500 கிடக்கிறது. என்னிடம் 8000. ஒன்பது பேர் மேஜையில் ஒரு சுற்றுக்கு 2500 போய்விடும் என்றால் மூன்று சுற்றுதான், அதாவது 27 கை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை). ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங், இவற்றில் ஒன்று சராசரியாக 39 கைக்கு ஒரு தடவைதான் வரும். 27 கைக்குள் ஒன்றுகூட வராமல் போவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்குள் பிளைண்ட் வேறு ஏறிவிடும்.

அப்புறம் தாளைத் திருப்பிப் போட்டார். பட்டனில், அதாவது பிளைண்ட் போட்ட இருவர் மட்டும் உனக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய், முன்னால் எல்லாரும் ஃபோல்ட், அதாவது சீட்டை விட்டுவிட்டார்கள், கையில் ஒரே சின்னத்தில் ஜாக்கும் பத்தும். சுமாரான கைதான். இருக்கிற 8000-ஐயும் ஆல்-இன் என்று நடுவில் தள்ளுகிறாய். மீதி இருவரும் ஃபோல்ட் செய்தால் 2500 உனக்கு, சீட்டைக் காட்டவே வேண்டாம். பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்தால், அதாவது அதே தொகையைப் போட்டு மோதினால், பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்) 17,500. நூற்றுக்கு 40 தடவை நீ ஜெயிப்பாய் என்று வைத்துக்கொண்டால் அதில் உன் பங்கு 7000. போட்டது 8000, ஆக ஆயிரம் நஷ்டம். பத்துக்கு ஆறு தடவை அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று வை. 2500-இல் பத்துக்கு ஆறு பங்கு 1500 வரவு, ஆயிரம் நஷ்டத்தில் பத்துக்கு நான்கு பங்கு 400 செலவு. ஒவ்வொரு தடவையும் சராசரியாக 1100 மிச்சம்.

அந்தக் கூட்டல் கழித்தலைப் பார்த்த பிறகு என் ஆட்டமே மாறிப்போனது. சுமாரான கைக்கு மதிப்பு வருவது அந்த இரண்டு சீட்டால் மட்டும் இல்லை. எதிராளி பயந்து விடக்கூடிய அளவுக்கு என்னிடம் இன்னும் சிப் இருப்பதாலும்தான். 3000 ஆகும்வரை காத்திருந்து தள்ளினால் பிக் பிளைண்ட்காரர் இன்னும் 2000 போட்டாலே 7500-க்கு ஆடலாம். நூற்றுக்கு 27 தடவை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். ஏஸ்-கிங்கோடு மோதும்போது ஏழு-இரண்டுகூட அதைவிட அதிகம் ஜெயிக்கும். அப்புறம் யார் விடுவார்கள்? அண்ணா, அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதே கூட்டத்தில் ஒரு அக்கா உண்டு. நான் எந்தக் கையைப் பற்றிக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உனக்குப் பின்னாடி எத்தனை பேர்டா?" ஒவ்வொருவரும் தங்களுக்கு வரும் சீட்டில் சிறந்த பத்தில் ஒரு பங்கோடு மட்டும் கால் செய்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருவர் என்றால் யாராவது ஒருவருக்கு அப்படிப்பட்ட சீட்டு இருக்க நூற்றுக்கு 19 வாய்ப்பு. எட்டுப் பேர் என்றால் 57. பட்டனில் தள்ளலாம் என்கிற அதே கையை முதல் இடத்தில் யோசிக்காமல் ஃபோல்ட் செய்துவிட வேண்டும். வேகாஸில் ஒவ்வொரு தடவை சீட்டைப் பார்க்கும் முன்பும் அக்காவின் குரல் காதில் கேட்டது. நன்றி அக்கா.

நேரில் பார்த்தே இராத சிலருக்கும் சொல்ல வேண்டும். டான் ஹாரிங்டன் 1995-இல் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவன்ட்டை ஜெயித்தவர். 2003-இல் 839 பேரில் மூன்றாவதாகவும் 2004-இல் 2576 பேரில் நான்காவதாகவும் வந்தவர். அப்படி ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் புத்தகங்களாக எழுதினார். நடுவில் கிடக்கும் பிளைண்டையும் ஆன்டேயையும் கூட்டி, அதால் நம் சிப்பை வகுத்தால் எத்தனை சுற்றுத் தாங்குவோம் என்று தெரியும். அந்த எண்ணுக்கு எம் என்று பெயர், பேக்கேமன் மேதை பால் மேக்ரியலின் பெயரால் வந்தது. நான் சொன்ன கணக்கில் எம் மூன்றுக்குச் சற்று மேல். ஐந்துக்குக் கீழே போனால் ஹாரிங்டன் அதைச் சிவப்பு மண்டலம் என்பார். அங்கே சின்னதாக ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) பார்ப்பதற்கெல்லாம் இடமில்லை. தள்ளு, இல்லையென்றால் விடு.

போக்கர் புத்தகங்கள் எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கிக்கும் என் வணக்கம். முதலில் தள்ளுவதற்கு வேண்டிய சீட்டைவிட, தள்ளியவரைக் கால் செய்ய வேண்டிய சீட்டு பலமாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர் அவர். முதலில் தள்ளுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எல்லாரும் விடலாம், அல்லது சீட்டு கைகொடுக்கலாம். கால் செய்பவருக்கு ஒரே வழி. ஏஸ்-ஐந்து போன்ற கையை நான் சந்தோஷமாகத் தள்ளுவேன். முன்னால் ஒருவர் தள்ளிவிட்டால் அதே ஏஸ்-ஐந்தை மனசு உறுத்தாமல் விடவும் முடிகிறது என்றால் அது அவர் தயவு.

சிப் வேறு, பணம் வேறு என்று கணக்குப்போட வழி காட்டிய இன்னொரு போக்கர் எழுத்தாளர் மேசன் மால்முத்துக்கும் நன்றி. பெரிய போட்டிக்கான நுழைவு டிக்கெட்டைப் பரிசாகத் தரும் ஆட்டம் சாட்டிலைட். பத்து டிக்கெட் தரும் சாட்டிலைட்டில் பதினொரு பேர் மிச்சம், அதில் ஒருவரிடம் அரை பிளைண்ட்தான் இருக்கிறது என்றால், நிறைய சிப் உள்ளவர்கள் மோதும்போது ஏஸ் ஜோடியைக்கூட விடலாம். முதலில் வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் கிடைப்பது அதே டிக்கெட்தானே. சுமாரான கையைத் தைரியமாக ஆடு என்பதற்கு எல்லை எங்கே என்று இது தெரியாமல் புரியாது.

வேகாஸில் என் மேஜையில் சீட்டுப் போட்ட டீலர் அம்மாவுக்கு ஒரு தனி நன்றி. ஆல்-இன் என்று நான் சொன்னதும் என் சிப்பை மஞ்சள் தனியாக, ஊதா தனியாகப் பிரித்து அடுக்கி, எல்லாருக்கும் தெரியும்படி தொகையைச் சொல்வார். பெரிய அடுக்கு வைத்திருந்தவருக்கு எப்படிச் செய்தாரோ அதே நிதானம், அதே மரியாதை எனக்கும். இடைவேளையில் சின்ன சிப்பை மேஜையிலிருந்து எடுக்கும்போது பெரிய சிப்பாக மாற்றத் தேறாத உதிரிகளுக்குச் சீட்டுப் போட்டு, பெரிய சீட்டு வந்தவர்களுக்குப் பெரிய சிப் கொடுப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏறக்குறைய உதிரி மட்டும்தான் இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தார். "இதில் தோற்றாலும் வெளியே போக மாட்டீர்கள், கடைசிச் சிப் போனால் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் விதி" என்று அந்த அம்மா மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது.

என்னை வெளியே அனுப்பியவருக்கும் நன்றி சொல்லாமல் முடியாது. ஏழு பிளைண்டோடு கிங்-ஜாக்கைத் தள்ளினேன். பிக் பிளைண்டில் இருந்த பெரியவர் சீட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, வெகுநேரம் யோசித்து ஐந்து ஜோடியோடு கால் செய்தார். அவர் பக்கம் ஒரு துளி சாய்ந்த பாதிக்குப் பாதி. கிங்கும் வரவில்லை, ஜாக்கும் வரவில்லை. எழுந்து வந்து கைகொடுத்து, "மூன்று பிளைண்டோடு வந்திருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன். நீ சரியான நேரத்தில்தான் வந்தாய்" என்றார். வெளியே போகிறவனுக்கு அந்த இரண்டு வரியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

கடைசியாக, என் மனைவிக்கு. ஆட்டத்துக்கென்று வருஷத்துக்கு ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தாண்டி ஒரு டாலர்கூடத் தொடுவதில்லை என்று ஒழுங்கு வைத்தது அவர்தான். அந்தக் கணக்கில் இருந்த பணம் போனாலும் வீட்டு வாடகை போகாது என்று தெரிந்திருந்ததால்தான் ஜாக்-பத்தைத் தள்ளும்போது என் கை நடுங்கவில்லை.

கணக்கு அண்ணாவின் தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அவரிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்
எடிசன், நியூ ஜெர்சி