கிள்ளியூரில் நிற்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியைப் படித்தேன். இரண்டு கழகங்களுக்கும் மாற்று என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டிருக்கும் கட்சியில் சேர்ந்திருக்கிறாய். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் குமரி மாவட்டத்துக் கிள்ளியூர் தொகுதியில் உன்னை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "மாமா, இரண்டு பேர் மாறி மாறி ஆளும் இடத்தில் மூன்றாவது ஒருவன் நுழையவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை வேறு சில இளைஞர்களும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். உன் கட்சியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் கடிதத்தை விட்டுவிட்டுக் கொடியைப் பற்றிச் சண்டை தொடங்கிவிடும்.

நுழைய முடியும். ஆனால் உன் தலைவர்கள் மேடையில் சொல்லும் வழியில் அல்ல.

முதலில் எதிரி யார் என்று பார். 1967 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் தமிழ்நாட்டின் ஆட்சி இரண்டு கழகங்களில் ஒன்றிடம்தான் போனது. சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதுதான் இருகட்சி ஆட்சிமுறை. நீயோ தோவாளைக்கு இந்தப் பக்கம் இருப்பவன். 2014 நாடாளுமன்றத் தேர்தலை நினைத்துப் பார். மாநிலத்தில் அதிமுக தனித்து நின்று 37 இடங்களை அள்ளிய தேர்தல் அது. கன்னியாகுமரி தொகுதியில் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் முதலிடம், காங்கிரஸின் வசந்தகுமார் இரண்டாமிடம். அதிமுக மூன்றாவது, திமுக நான்காவது. 2024இல் அதிமுக இன்னும் ஒரு படி இறங்கி, நாம் தமிழர் கட்சிக்கும் பின்னால் நின்றது. மாநிலத்தையே ஆண்ட கட்சிகள் இங்கே கூட்டணித் துணை இல்லாமல் நின்றால் 'மற்றவர்கள்' பட்டியலுக்குப் போய்விடுகின்றன.

அப்படியானால் இங்கே இருகட்சி முறை உடைந்துவிட்டதா என்றால், இல்லை. ஆட்கள்தான் வேறு. கழகமும் கழகமும் இருக்க வேண்டிய இடத்தில் காங்கிரஸும் பாஜகவும் இருக்கின்றன. 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு ஓட்டுகள் எந்தக் கோட்டில் பிரிந்தன என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாற்காலிகள் எப்போதும் இருக்கும். உட்காருபவர்தான் மாறுவார்.

நாற்காலி இரண்டாகவே இருப்பதற்குக் காரணம் எண்ணும் முறை. ஒரு தொகுதியில் ஒரே ஆள். அதிக ஓட்டு வாங்கியவருக்கு எல்லாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த முறை இருக்கும் இடத்தில் போட்டி இரண்டு பேருக்குள் சுருங்கும் என்று மோரிஸ் துவெர்ழே என்ற பிரெஞ்சு அறிஞர் 1950களின் தொடக்கத்திலேயே எழுதினார். கருங்கல் சந்தையில் நிற்பவருக்கு அவர் பெயர் தெரியாது, விதி தெரியும். "பையன் நல்லவன்தான், ஆனால் ஜெயிக்க மாட்டானே" என்பார். அவருக்கு உன்மேல் வெறுப்பு கிடையாது. பிடிக்காதவன் வந்துவிடக்கூடாதே என்ற பயம்தான் அவர் கையை உன் சின்னத்திலிருந்து நகர்த்துகிறது.

2019இல் நடந்ததைப் பார். ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராக ஆண்களைக் கடலில் கொண்டுபோனது. இனயம் துறைமுகத் திட்டத்தின் மீது அதற்கு முன்பே கோபம் இருந்தது. ஒரு புதிய அரசியலுக்கு இதைவிடக் கனிந்த நேரம் ஏது? ஆனால் அந்தக் கோபம் மூன்றாம் வேட்பாளர்களிடம் போகவில்லை. பொன். ராதாகிருஷ்ணனைத் தோற்கடிக்கக்கூடியவர் என்று யார் தெரிந்தாரோ அவரிடம் போனது. வசந்தகுமார் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கோபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது இரண்டாம் இடத்தில் இருப்பவனைத்தான் தேடிப் போகும். ஆகவே மூன்றாவது சக்தி என்ற பெயரில் பெருமைப்பட ஒன்றுமில்லை மருமகனே. உன் வேலை இரண்டாம் இடத்துக்கு வருவது. அதை மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்ய முடியாது, ஓரிடத்தில் செய்யலாம்.

234 தொகுதிகளிலும் தனித்துப் போட்டி என்று உன் தலைமை முழங்குகிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விஜயகாந்தின் தேமுதிக 2006இல் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. 8 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியது. கிடைத்த இடம் ஒன்றே ஒன்று, விருத்தாசலம். 2011இல் அதிமுகவுடன் சேர்ந்ததும் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. 2016இல் மக்கள் நலக் கூட்டணியுடன் சேர்ந்து நின்றபோது ஓர் இடமும் இல்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்துக்கே டெபாசிட் போனது. பத்தே ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் முடிந்துவிட்டன. அவரை நான் குறை சொல்லவில்லை. தொகுதிக்குத் தொகுதி மெல்லிசாகப் பரவிய ஓட்டு பெரியவர்களுடன் பேரம் பேச உதவும், சொந்தக் காலில் நிற்க உதவாது.

வெளிநாட்டிலும் இதே கணக்குத்தான். 1948இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் வென்றார். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே ஸ்ட்ராம் தர்மண்ட், ஹென்றி வாலஸ் என்று இருவர் நின்றார்கள். இருவருக்கும் கிடைத்த ஓட்டு ஏறக்குறைய சமம், ஆளுக்கு 2.4 சதவீதம். தர்மண்ட் தெற்கே நான்கு மாநிலங்களில் முதலிடம் பிடித்து, மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 39ஐப் பெற்றார். வாலஸ் எந்த மாநிலத்திலும் முதலிடம் பெறவில்லை, அவருக்குப் பூஜ்யம். (தர்மண்ட் கறுப்பின மக்களைப் பிரித்து வைப்பதற்காக நின்றவர். கணக்கு நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை என்பதற்கும் அவரே சாட்சி.) பிரிட்டனில் 2024இல் ரிஃபார்ம் கட்சி 14 சதவீத ஓட்டு வாங்கி 5 இடங்களைப் பெற்றது. லிபரல் டெமாக்ரட்டுகள் 12 சதவீதம் வாங்கி 72 இடங்களைப் பெற்றார்கள். எங்கே ஜெயிக்க முடியுமோ அங்கே மட்டும் வேலை செய்தார்கள்.

இதற்கெல்லாம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போக வேண்டியதில்லை என்பாய். சரி, உன் தொகுதிக்கே வருகிறேன். புதுக்கடையில் இருக்கும் தியாகிகள் நினைவிடத்தின் முன்னால் வண்டியில் போகிறாயே, அங்கே நின்று பார்த்திருக்கிறாயா?

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்தான் இந்த மண் கண்ட மிக வெற்றிகரமான மூன்றாம் கட்சி. நம் பகுதி அப்போது இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் காங்கிரஸ், கம்யூனிஸ்ட், பிரஜா சோஷலிஸ்ட் என்று பெரிய கட்சிகள் மோதிக்கொண்டிருந்தன. மார்ஷல் நேசமணி தலைமையிலான இந்தக் கட்சிக்கு மாநிலம் முழுக்க நிற்கும் ஆசையே இல்லை. தமிழ்த் தாலுகாக்கள் மட்டும் போதும், தாய்த் தமிழகத்துடன் இணைப்பு என்ற ஒரே கோரிக்கை போதும். 1952இல் அமைந்த காங்கிரஸ் மந்திரிசபை இவர்களின் ஆதரவில் நின்றது. ஆதரவை விலக்கியதும் 1953இல் கவிழ்ந்தது. 1954 தேர்தலில் 117 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் இவர்களுக்கு 12 இடங்கள். மாநிலக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அவர்கள் மூன்றாவது அல்ல, முதலாவது.

அந்த 1954இல் இன்னொரு பாடமும் இருக்கிறது, அதை உன் கட்சிக்காரர்கள் விரும்ப மாட்டார்கள். வெறும் 19 இடங்கள் வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸின் ஆதரவுடன் முதலமைச்சரானார். பெரிய கட்சி எதுவும் ஆளவில்லை. மாற்று அரசியல் பேசியவர்களே ஆண்டார்கள். அந்த ஆட்சியின் போலீஸ்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புப் போராட்டக்காரர்களைச் சுட்டது. அவர் பதவி விலக வேண்டும் என்று அவர் கட்சியிலேயே இருந்த ராம் மனோகர் லோகியா வற்புறுத்தினார்; அவர் விலகவில்லை. பெரிய கட்சி அல்ல என்பதாலேயே ஒரு கட்சி யோக்கியமாகிவிடாது. உன் மேடைப் பேச்சில் 'இரண்டு பேரும் திருடர்கள்' என்ற வாக்கியத்துக்குப் பிறகு என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்பது இதனால்தான்.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. கேட்டதில் பாதியோ முக்கால்வாசியோ கிடைத்ததும் கட்சி காங்கிரஸில் கரைந்தது. நேசமணி பிறகு காங்கிரஸ்காரராகவே நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. வந்த காரியம் முடிந்தது, கட்சி போனது.

காரியம் முடிக்க இடமே ஜெயிக்க வேண்டும் என்றும் இல்லை. காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறி நின்று உயிரை விட்டார். மாநிலம் முழுக்கப் போராட்டம் பரவியது. மறு ஆண்டுத் தேர்தலில் திமுக மதுவிலக்கை வாக்குறுதியாக்கியது, அதிமுக படிப்படியான மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா பதவியேற்றதும் 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். நெடுங்காலம் மதுவிலக்கு பேசிய பாமக அந்தத் தேர்தலில் 5 சதவீதம் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. பேசியவன் தோற்றான், பேச்சு ஜெயித்தது. அதன் பிறகு அந்தப் பேச்சுக்கு என்ன ஆனது என்பது வேறு விஷயம். மார்த்தாண்டத்துக்குப் போகும் வழியில் கடைகளை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

'ஓட்டைப் பிரிக்கிறவன்' என்று உன்னைத் திட்டுவார்கள், பணம் வாங்கிக்கொண்டு நிற்கிறான் என்றும் சொல்வார்கள். ஓட்டு எவன் வீட்டுச் சொத்தும் அல்ல, பிரிப்பதற்கு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கிள்ளியூர் உனக்கு மோசமான தொகுதி அல்ல. 1977இல் எம்.ஜி.ஆர். வென்ற தேர்தலிலேயே இங்கே ஜனதா கட்சி வென்றது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அடித்த அலையில் திமுகவே இரண்டு இடங்களுக்குச் சுருங்கியபோது ஜனதா தளம் இங்கே நின்று வென்றது. பிறகு தமிழ் மாநில காங்கிரஸ். கூட்டணி பலமும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்சிகளுக்கு ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஆள் இருந்தது. ஜனதாவுக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த வீட்டில் யார் வளைகுடாவில், யார் கேரளத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போயிருக்கிறார், யார் இறந்துபோனார் என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்லும் ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். உன் கட்சியிடம் முகநூல் பக்கம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க பூத்துக்குள் உட்கார எத்தனை பேர் இருக்கிறார்கள்?

திமுகவும் நேராகக் கோட்டைக்குப் போகவில்லை. 1957இல் முதன்முதலாக நின்று பதினைந்து இடங்கள், 1959இல் சென்னை மாநகராட்சி, 1962இல் ஐம்பது, 1967இல்தான் ஆட்சி. அதுவும் ராஜாஜியிலிருந்து மார்க்சிஸ்ட்டுகள் வரை சேர்த்துக்கொண்டு. ரப்பர் கன்று நட்டவன் ஏழு வருடம் கத்தியைத் தொட மாட்டான். உன் தலைமை நட்ட மறுநாளே பால் பிடிக்கச் சிரட்டை கட்டச் சொல்கிறது.

எனவே நான் சொல்வது இதுதான். சட்டமன்றத்துக்கு நில், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால் பத்து பேர் முன்மொழிய வேண்டும், பத்தாயிரம் ரூபாய் டெபாசிட். பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. முதல் தடவை திரும்பாது என்றே வைத்துக்கொள். ஆனால் அந்தத் தேர்தலின் பயன் வேறு: எந்தெந்த பூத்தில் நீ இரண்டாவதாக வந்தாய் என்று பூத்வாரி முடிவுகள் காட்டிக்கொடுக்கும். அந்த பூத்துகள் விழும் பேரூராட்சி வார்டில் அடுத்து நில். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அங்கே உன் பெயரும் உன் வீட்டின் பெயரும்தான் சின்னம். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கடலரிப்புத் தடுப்புச் சுவர் என்று பேசு. அண்ணா, காமராஜர், நேசமணி மூவரின் படத்தையும் ஒரே பேனரில் போட்டு ஆட்சி மாற்றம் என்று எழுதாதே.

டெபாசிட்டில் பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதியை உன் கட்சியிடம் கேள். தருகிறார்களா என்று பார்ப்பதே உனக்கு ஒரு நல்ல சோதனை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கருங்கல் பகுதி வாக்காளர் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவா. வீடு வீடாகக் குறித்துக்கொள்ள வேண்டும், அதற்குத் தாளின் ஓரத்தில் இடம் விட்டு அச்செடு.

அன்புடன்,
மாமா