திரையில் அவனைக் காட்டும்போது

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரத்திலிருந்து சின்னவனுக்காக டாக்டரை வீடியோ காலில்தான் பார்க்கப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். நல்ல ஏற்பாடுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அவன் இரண்டு நாள் துவண்டு கிடப்பது மிச்சம். ஆனால் நேரில் போனால் டாக்டர் தானாகவே கவனிக்கிற பாதி விஷயங்களை இனி நீதான் காட்டவேண்டும். நீ காட்டாதது அவருக்குத் தெரியாது.

பேலியேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டு மாப்பிள்ளை கலங்கிப்போனார் என்றாய். வலியையும் அவதியையும் தணிக்கிற பராமரிப்பு அது; கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துத் தரவேண்டியது அது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவரிடம் சொல். முடிந்தால் அழைப்பின்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் பேச, ஒருவர் போனைப் பிடிக்க.

முதலில் நேரம். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிற நேரத்தைத்தான் டாக்டர் பார்ப்பார். போதாததற்கு, திரையில் புது முகத்தைக் கண்டால் குழந்தைகள் சிரித்தும் வைப்பார்கள். அடுத்த டோஸுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் அழைக்க முடியுமா என்று கேட்டுப் பார். முடியாதென்றால், கடைசி டோஸ் எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடு. அதற்காக மருந்தைத் தள்ளிப் போடாதே. குளிப்பாட்டித் தலைவாரி உட்கார வைக்கவும் வேண்டாம். படுத்திருந்தால் படுத்தபடியே காட்டு.

ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத்தான் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழும்படி கட்டிலைத் திருப்பு. மஞ்சள் விளக்கில் நீலம் பாய்ந்திருப்பதும் தெரியாது, மஞ்சள் காமாலையும் தெரியாது. பகல் வெளிச்சமே நல்லது. நம் மாநிறத் தோலில் நீலத்தை உதட்டின் உட்புறம், நாக்கு, நகக்கண் இங்கேதான் பார்க்கவேண்டும். தோலில் புண்ணோ தடிப்போ இருந்தால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் வைத்துப் படம் எடு. நிறம், அளவு இரண்டும் டாக்டருக்குப் பிடிபடும்.

மூச்சை அழைப்பின்போது எண்ணவைக்காதே. படம் விட்டு விட்டு வந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அவன் தூங்கும்போது நீயே முழுதாக 60 விநாடி எண்ணு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சரிவராது, குழந்தைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. சட்டையை மேலே தூக்கி, விலா எலும்புக்கு நடுவே உள்ளே இழுக்கிறதா என்று தெரியும்படி ஒரு நிமிட வீடியோ எடுத்து, டாக்டர் குழுவினர் சொன்ன வழியில் மட்டும் முன்கூட்டியே அனுப்பு. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிமீட்டரை டாக்டர் கேட்டால் மட்டும் மாட்டு. விரல் குளிர்ந்திருந்தாலும் ஆட்டினாலும் தப்பான எண் காட்டும். கறுத்த தோலில் சற்றுக் கூட்டியும் காட்டலாம். எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவாய்.

வலிதான் பெரிய விஷயம். அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஃபிளாக் என்றொரு அளவுகோல் உண்டு. முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. திருத்திய வடிவத்தில் அவனுக்கே உரிய அடையாளங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வலிக்கும்போது அவன் சத்தமே போடாமல் விறைத்துப்போவான் என்றால், அது உனக்குத்தான் தெரியும். புதிதாக அழைப்பில் வரும் டாக்டர் அதை அமைதி என்றே நினைப்பார். ஒரு நோட்டில் நேரம், கொடுத்த அளவு, கொடுக்கும் முன் மதிப்பெண், ஒரு மணி நேரம் கழித்து மதிப்பெண் என்று எழுதிவை. "நேற்று ராத்திரி ரொம்பக் கஷ்டப்பட்டான்" என்பதை வைத்து யாராலும் டோஸை மாற்ற முடியாது. "2 மணிக்கு 7, மருந்துக்குப் பின் 3 மணிக்கு 6" என்றால் மாற்ற முடியும்.

வலி மருந்தான மார்ஃபின் திரவத்தை மி.லி. கணக்கில் மட்டும் பேசாதே. 5 மி.லி.யில் 10 மி.கி. உள்ளதும் உண்டு, 1 மி.லி.யிலேயே 20 மி.கி. உள்ள அடர்த்தியானதும் உண்டு. அதே ஒரு மி.லி. முதலாவதில் 2 மி.கி., இரண்டாவதில் 20 மி.கி. பத்து மடங்கு! டோஸ் மாறுகிற ஒவ்வொரு முறையும் பாட்டிலின் லேபிளைக் கேமராவுக்கு நேரே பிடி, சிரிஞ்சில் மருந்தை இழுத்துக் காட்டு, மி.கி., மி.லி. இரண்டையும் நீயே திருப்பிச் சொல். ஸ்பூனால் அளக்கவே கூடாது. மலச்சிக்கல் பற்றி அவர்கள் கேட்காவிட்டாலும் நீ சொல். மார்ஃபின் கொடுக்கும் காலமெல்லாம் அது இருக்கும், பழகிப்போகாது.

திரையால் ஆகாதவையும் உண்டு. வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க முடியாது. வீட்டுக்கு வரும் நர்ஸ் இருக்கிற நேரத்தில் அழைப்பை வைத்துக்கொண்டால் அந்தக் குறை பாதி தீரும். ஆனால் சிலவற்றுக்கு அழைப்பு நாள் வரை காத்திருக்கவே கூடாது. உணவு கொடுக்க வயிற்றில் துளையிட்டுப் போட்ட குழாய் கழன்று விழுந்தால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். உடனே போன் செய். கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ அப்படியே. வலிப்பு வந்தால் முதலில் மணியைப் பார். 5 நிமிடம் தாண்டினால் என்ன கொடுப்பது, யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டு. இரவில் கூப்பிடவேண்டிய போன் எண்ணையும் அதிலேயே எழுது.

லைன் போனால் யார் யாரைக் கூப்பிடுவது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள். படம் தடுமாறினால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் மருந்தின் அளவைத் தப்பாகக் கேட்டுவிடுவாய்.

பெரியவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இவனும் பேசாவிட்டாலும் கேட்கிறான். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே டாக்டரிடம் சொல். இனி எப்படிப் போகும் என்ற பேச்சுக்கு வேறு நேரம் கேள். வேறு அறை, காதில் ஹெட்ஃபோன், நீங்கள் இருவர் மட்டும்.

அந்த அழைப்பு முடிந்ததும் திரை அணைந்துவிடும். நீ உன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாய். ஆஸ்பத்திரியில் என்றால் வீடு வந்து சேரும் வரையாவது மனசு ஆற நேரம் இருக்கும். அதனால் அன்றைக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மறுநாள் நர்ஸ் திரும்பக் கூப்பிட முடியுமா என்று முன்னதாகவே கேட்டுவை. முதல் நாள் மனசில் வராத கேள்விகள் மறுநாள்தான் வரும்.

அன்புடன்,
அம்மா