மணக்குடியில் வாங்கிய ஏத்தங்காய்

அன்பு மக்ளே,

துபாய் தேரா வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டில் நீங்கள் எடுத்த வீடியோவை அம்மை பக்கத்து வீடு பூராவும் காட்டியாச்சு. அதைப் பார்த்ததிலிருந்து நாமளும் ஒரு சாயங்காலம் அப்படிப் போவோம் என்று ஒரே பிடிவாதம். சனிக்கிழமை தம்பி காரை எடுத்தான், எல்லாருமாக மணக்குடிக்குப் போனோம்.

பழையாறு கடலில் சேருகிற காயல்கரைதான் நம்ம மார்க்கெட். மார்க்கெட் என்பது கொஞ்சம் கூடுதல். சாக்கு விரித்து நாலைந்து பேர், மீன் சருவத்தோடு ரெண்டு பெண்கள், ஒரு குட்டியானை வண்டி, அவ்வளவுதான். 2004 சுனாமியில் பழைய பாலம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது லூர்தம்மாள் சைமன் பாலத்தில் நின்று பிள்ளைகள் செல்ஃபி எடுக்குதுகள். சாளை வாங்கினோம். ராத்திரி மரச்சீனியோடு சாப்பிட்டதை எழுதினால் உனக்குக் கோபம் வரும், விடு.

வண்டிக்காரர் கல்குளம் பக்கத்துக்காரர், சொந்த விளையில் வெட்டிய வாழைக்குலைகள். மட்டிக்குலை ஒன்றைத் தூக்கினார், அடிச்சீப்பிலிருந்து ரெண்டு பழம் தானாகக் கழன்று சாக்கில் விழுந்தது. அத்தனை பழுத்திருந்தது. 2023-ல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ரெண்டு தடவை சொன்னார். குறியீடு கிடைத்து என்ன, பழுத்த மட்டி பிளேன் ஏறுமா? உனக்கு ஆச்சி முதன்முதலாக ஊட்டியது மட்டிப்பழம்தான், நார் எடுத்துப் பிசைந்து. அதையே பேத்திக்கும் அனுப்பணும் என்று அம்மை நின்றாள். போய்ச் சேரும்போது கூழாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பதற்குள் இருட்டிவிட்டது.

கடைசியில் பேத்திக்குக் கூழ் காய்ச்சுகிற பொடிக்கு ஏத்தங்காய், நேந்திரங்காய்தான். அம்மை பார்க்க லட்சணமான ஒரு குலையில் கை வைத்தாள். அவர் விடவில்லை. "பச்சப் பிள்ளைக்கா? அது எளசு, பொடி காணாது. இந்த முத்தினதை எடுங்க"ன்னு பொட்டு விழுந்த குலையைத் தள்ளிவிட்டார். விலை குறைவும் அதுதான். அம்மைக்குப் பேரம் பேச ஒன்றும் இல்லாமல் போனதில் வருத்தம்.

தோல் சீவி மெல்லிசாக நறுக்கி மாடியில் காயப்போட்டோம். ஒடித்தால் சடக்கென்று முறிகிற பதம் வந்த பிறகு அரைத்து, துணியில் சலித்தாள். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வை. பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்வரை கிண்டணும். ஆரம்பத்தில் ஒரு ஸ்பூனுக்கு மேல் கொடுக்காதே, வயிறு கட்டிக்கொள்ளும்.

ஒரு வயசுவரை இனிப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். பொட்டலத்துக்குள் கருப்பட்டியும் இருக்கிறது, நான் வைக்கவில்லை. நான் டாக்டர் கட்சி. அம்மையிடம் சொல்லிவிடாதே, நீங்கள் காப்பிக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியின் கூட்டுக்காரன் வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறுகிறான். இறங்கியதும் கூப்பிடுவான், மாப்பிள்ளையை அனுப்பி வாங்கிக்கொள். டப்பாவைத் திருப்பி அனுப்பணுமாம், அம்மை சொல்லச் சொன்னாள்.

அப்பா